பழைய ஃபிரடர்னிட்டி வீட்டுக்கு நன்கொடை கேட்கிறார்கள்: கொடுப்பதா, வேண்டாமா?

மேற்குக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபிரடர்னிட்டி (கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு, பல கல்லூரிகளில் கிளை வைத்திருக்கும் ஆண் மாணவர் சங்கம்) என்றாலே நம்மவர்கள் குடி, கும்மாளம் என்று முகம் சுளிப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சுளித்தார். ஆனாலும் தொண்ணூறுகளில் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் படித்தபோது ஒன்றில் சேர்ந்தேன். அதன் வீட்டில்தான் கல்லூரிக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. என் தலைமுறைத் தமிழர்களில் அப்படிச் சேர்ந்தவர்கள் குறைவு. மாடிப்படிச் சுவரில் ஆண்டுவாரியாக உறுப்பினர் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். எங்கள் ஆண்டுச் சட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் சிரமம் இருந்ததில்லை.

இப்போது முன்னாள் மாணவர் குழுவிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்திருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். ஐந்து ஆண்டுகளுக்குத் தவணை முறையில் பணம் தர உறுதி கேட்கிறார்கள். முதல் கட்டமாகப் பெரிய கூடத்தின் ஓக் மரப் பலகைகளையும் கணப்பு அடுப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டாம் கட்டத்தில் கூரை. மூன்றாம் கட்டத்தில் மின்கம்பிகளும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால் கூடத்தில் பித்தளைத் தகட்டில் பெயர் பொறிப்பார்கள்.

கூரை உண்மையிலேயே மோசம். சிலேட் ஓடு நூறாண்டு தாங்கக்கூடியது. ஆணி துருப்பிடித்து, சந்துகளில் மடித்த செம்புத் தகடு விட்டுப்போனால் ஓடு நன்றாக இருந்தும் மூன்றாம் மாடி அறையில் வாளி வைக்க வேண்டியதுதான். நாங்கள் இருந்தபோதே வாளி வைத்தோம்.

கொடுக்க மனம் இருக்கிறது. மனைவியோ, "பெற்ற மகளின் கல்லூரிக் கட்டணம் பாக்கி நிற்கும்போது ஊரார் பிள்ளைகளுக்குக் கூரையா?" என்கிறாள். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வடவாறு எழுதியது:

இருபது வயதுப் பையன்கள் கூடிக் குடிப்பதற்கு ஒரு மாளிகை, அதற்கு ஐம்பது வயதுக்காரர்களின் காசு. உங்கள் மனைவி சொல்வதே சரி. அந்தப் பணத்தை ஓர் ஏழை மாணவனின் கல்விக்குக் கொடுங்கள், புண்ணியமாவது சேரும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. வரிக் கணக்கு தெரியும், அதைச் சொல்கிறேன்.

முதலில், அந்த வீடு யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் வீட்டில் குடியிருக்கும் மாணவர் கிளை வெறும் வாடகைதாரர். பத்திரம் முன்னாள் மாணவர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஹவுஸ் கார்ப்பரேஷன் என்பார்கள். நிலத்தைக் கல்லூரியிடம் குத்தகைக்கு வாங்கி அதன்மேல் கட்டிய வீடுகளும் உண்டு, முழுக்கக் கல்லூரிக்கே சொந்தமான வீடுகளும் உண்டு. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வரி. ஹவுஸ் கார்ப்பரேஷன் வழக்கமாக அமெரிக்க வரிச் சட்டத்தின் 501 (சி) (7) அல்லது 501 (சி) (2) பிரிவில் பதிவாகியிருக்கும். அதாவது சமூக மன்றம், அல்லது சொத்தை வைத்திருப்பதற்கென்றே உள்ள நிறுவனம். அதற்குக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது. சலுகை வேண்டுமானால் 501 (சி) (3) பிரிவில் உள்ள கல்வி அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அறக்கட்டளைப் பணத்தைக் கல்விக்காக உள்ள பகுதிக்குத்தான் செலவிடலாம். படிப்பறை, நூலக அறை என்றால் சரி. கணப்பு அடுப்புக்கும் ஓக் பலகைக்கும் செலவழித்துவிட்டு அதைப் படிப்பு என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை நீக்கச் சட்ட மசோதா பலமுறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் பொருத்தக்கூடச் சலுகையோடு பணம் திரட்ட முடியவில்லை என்பதுதான் அதை ஆதரிப்பவர்களின் முக்கிய வாதம்.

உறையில் காசோலையை எந்தப் பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல.

---

ராலே வாசகி எழுதியது:

மேற்குக்காற்று, உங்கள் பதிவை இரண்டாம் முறை படித்த பிறகுதான் எழுதுகிறேன். ஸ்பிரிங்க்ளர் மூன்றாம் கட்டமா? மரப் பலகை முதல் கட்டமா?

நான் இருப்பது வட கரோலினா. என் மகள் சாப்பல் ஹில்லில் படித்தாள். 1996 மே 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே பட்டமளிப்பு விழா, அன்றே அன்னையர் தினம். விடிகாலையில் ஃபை காமா டெல்டா வீட்டில் தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். ஸ்பிரிங்க்ளர் இல்லாத பழைய வீடு அது. பட்டமளிப்புக்கு வந்திருந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு நகர நிர்வாகம் ஃபிரடர்னிட்டி வீடுகள், பெண்களுக்கான சொராரிட்டி வீடுகள் எல்லாவற்றிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் செய்தது. செலவைப் பார்த்து முனகியவர்களும் முன்னாள் மாணவர்கள்தான், கடைசியில் பணம் திரட்டியவர்களும் அவர்கள்தான்.

என் கணவர் கட்டடத் தீயணைப்பு வடிவமைப்பில் வேலை செய்கிறவர். திரைப்படத்தில் வருவதுபோல் ஒரு தீக்குச்சிக்கு வீடு முழுக்க மழை பெய்யாது. ஒவ்வொரு முனையிலும் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சாதாரண வகையில் அந்த இடத்தின் சூடு 68 பாகை செல்சியஸை எட்டினால் அந்தக் குமிழ் மட்டும் உடைந்து அந்த முனை மட்டும் திறக்கும். பலகை நனைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மாணவர் இல்லங்களில் தீ இல்லாமலே தண்ணீர் கொட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணத்தையும் அவர் சொல்வார்: சட்டை மாட்டும் ஹேங்கரை அந்த முனையில் தொங்கவிடுவது.

கடிதத்தின் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால் கொடுங்கள்.

---

மேற்குக்காற்று எழுதியது:

ராலே வாசகி, வரிசை கண்ணில் படவே செய்தது. கூடத்தைக் காட்டித்தான் பணம் வாங்க முடியும், சுவருக்குள் ஓடும் குழாயைக் காட்டி யாரிடம் வாங்குவது என்பது குழுவின் எண்ணமாக இருக்கும். அதற்காக அதைச் சரியென்று சொல்லவில்லை.

தீ என்றதும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழக மலைச்சரிவில் ஜென்னி மெக்ரா என்ற செல்வச் சீமாட்டிக்காக ஒரு மாளிகை எழும்பியது. 1881இல் அவர் இறந்துபோனார், அதில் வாழவே இல்லை. பின்னாளில் கை சை ஃபிரடர்னிட்டி அதை வாங்கியது. 1906 டிசம்பர் 7 அதிகாலை அது எரிந்தது. நான்கு மாணவர்கள், அணைக்க வந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் மூவர், ஆக ஏழு உயிர். முன்னாள் மாணவர்கள் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். இன்றும் அந்த வீடு இருக்கிறது.

அதே ஊரில் லென்ராக் என்று இன்னொன்று. பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் தனக்காகக் கட்டத் தொடங்கிய கல்வீடு. முடிவதற்குள் 1874இல் காலமானார். 1911 முதல் டெல்டா ஃபை ஃபிரடர்னிட்டி வசம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அந்தக் கல்லைக் கழுவிக் காப்பாற்றிவருவது முன்னாள் மாணவர்களின் காசுதான். வடவாறு ஐயா, இது வெறும் குடிக் கூடம் என்றால் யாராவது இவ்வளவு காலம் தாங்குவார்களா?

---

இளையபாரி எழுதியது:

மேற்குக்காற்று அண்ணா, 1906 டிசம்பர் 7 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 4 அன்று, அதே இதாகாவில்தான் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. கறுப்பின மாணவர்களுக்காகக் கல்லூரிகளுக்கிடையே பரவிய முதல் கிரேக்க எழுத்து ஃபிரடர்னிட்டி அது. தொடங்கியவர்கள் ஏழு மாணவர்கள். மலைமேல் ஒரு கூட்டத்துக்கு மாளிகை இருந்தது. இவர்கள் ஊருக்குள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடினார்கள்.

கறுப்பின ஃபிரடர்னிட்டிகளுக்குப் பெரும்பாலான வளாகங்களில் இன்றைக்கும் சொந்த வீடு இல்லை. சில இடங்களில் பெயர் பொறித்த கல்லும் பெஞ்சும் வைத்த ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஆனால் பட்டம் வாங்கியதோடு உறவு முடிவதில்லை. ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் உண்டு. அறுபது வயதிலும் சந்தா கட்டிக் கூட்டத்துக்குப் போகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா உறுப்பினர். வாஷிங்டனில் அவருக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று தொடங்கியதே அந்த அமைப்புதான். 1996இல் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. சுமார் 12 கோடி டாலர் செலவில் 2011இல் திறந்தார்கள். வீடில்லாதவர்கள் செய்த வேலை இது.

நான் தெற்காசிய மாணவர்களின் ஃபிரடர்னிட்டி ஒன்றில் இருந்தேன். இந்த அமைப்புகள் எல்லாம் இளையவை. அயோட்டா நூ டெல்டா 1994இல் பிங்காம்டனில், சிக்மா பீட்டா ரோ 1996இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், டெல்டா எப்சிலான் சை 1998இல் ஆஸ்டினில், பீட்டா கை தீட்டா 1999இல் லாஸ் ஏஞ்சலிஸில். எங்கள் கிளைக்கு வீடு கிடையாது. வாடகைக்கு எடுத்த அடுக்ககத்தில் நான்கு பேர் தங்குவோம், பொங்கலும் அங்கேதான் தீபாவளியும் அங்கேதான். குத்தகை முடிந்தால் எல்லாம் மூட்டை கட்டி அடுத்த தெரு. எங்கள் சீனியர்கள் இப்போதுதான் நாற்பதுகளில் இருக்கிறார்கள், இனிமேல்தான் அவர்கள் கையில் பணம் சேரும். அவர்கள் வீடு வாங்கலாமா என்று பேசும்போதெல்லாம் நான் வேண்டாம் என்பேன். ஆண்டுக்கு இரண்டு பேருக்கு உதவித்தொகையும், வேலை தேடும் பையனின் தொலைபேசியை எடுக்கிற அண்ணன் ஒருவனும் போதும்.

---

சாம்பல்நாரை எழுதியது:

"தாங்குவார்களா" என்று மேற்குக்காற்று கேட்கிறார். தாங்குவார்கள், அதில் ஐயமில்லை. எதைத் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீடு. வசதியான முன்னாள் மாணவர் ஒருவர் பல மில்லியன் டாலர் செலவழித்து அதைப் புதுப்பித்துக் கொடுத்தார். வளாகத்தில் அதைப்போல் இன்னொன்று இல்லை என்று பேசப்பட்ட வீடு. கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. பெரியவர் ஒருவர் ஆலோசகராக அதே வீட்டில் குடியிருந்தார். காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

2017 பிப்ரவரி 2 இரவு, புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு வரிசையாக மது ஊற்றினார்கள். டிமோதி பியாஸா, வயது 19, அடித்தளத்துக்குப் போகும் படியில் உருண்டு விழுந்தார். தூக்கிச் சோபாவில் போட்டார்கள். மீண்டும் மீண்டும் விழுந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவசர உதவி எண் 911ஐ அழைத்தார்கள். பிப்ரவரி 4 அன்று இறந்தார். எல்லாம் அந்தக் கேமராக்களில் பதிவாகியிருந்தது. அடித்தளப் பதிவை அழிக்கப் பார்த்தார்கள், எஃப்பிஐ மீட்டெடுத்தது. பல்கலைக்கழகம் அந்தக் கிளையை நிரந்தரமாகத் தடை செய்தது. பிறகு வீடு யாருக்கு என்று பழைய பத்திரத்தின் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு வழக்கு. பணம் கொடுத்தவருக்கும் ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கும் தனியாக இன்னொரு வழக்கு.

அந்தப் பையன் பெயரில் பென்சில்வேனியா 2018இல் கடுமையான ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கூடம் பளபளவென்று இருந்தது, நண்பர்களே. பணம் கொடுத்ததால் அவன் இறந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்கொடைக் கடிதங்களில் வருகிற "பாரம்பரியம்" என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது. நான் கொடுக்க மாட்டேன்.

---

நதிக்கரையான் எழுதியது:

சாம்பல்நாரை சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதிலிருந்து "கொடுக்காதே" என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். நான் ஒரு ஹவுஸ் கார்ப்பரேஷனில் பொருளாளராக இருக்கிறேன், பாஸ்டனில். எனவே என் பேச்சில் சார்பு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வீடுகள் நன்கொடையில் ஓடுவதில்லை, கட்டிலில் ஓடுகின்றன. முப்பது கட்டில் இருந்தால் முப்பது வாடகை வர வேண்டும். சொத்து வரி, காப்பீடு, கொதிகலன், சமையல்காரர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். பத்துக் கட்டில் காலியானால் அந்தக் குளிர்காலமே கண்ணைக் கட்டிவிடும். வெளியே அறை எடுத்துத் தங்கும் உறுப்பினரிடம் கூடக் கட்டணம் வாங்குவது அதனால்தான்.

எம்ஐடியில் நடந்ததைப் பாருங்கள். 1997இல் முதலாண்டு மாணவர் ஒருவர் ஃபிரடர்னிட்டி நிகழ்ச்சியில் அளவுமீறிக் குடித்து இறந்தார். அதன் விளைவாக 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று நிர்வாகம் விதித்தது. விதி நியாயமானது. ஆனால் எம்ஐடிக்கு எதிரே, நதிக்கு இந்தப் பக்கம் பாஸ்டனின் பேக் பே பகுதியில் இருந்த வீடுகளுக்கு ஒரே அடியில் ஓர் ஆண்டு மாணவர்களின் வாடகை போய்விட்டது. அப்போது தாங்கிப் பிடித்தது முன்னாள் மாணவர் நிறுவனங்களும், எம்ஐடி கொடுத்த இடைக்கால உதவியும். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முன்னாள் மாணவர்கள் கல்வி நிறுவனத்தின் பொது நிதி ஒன்றுக்குக் கொடுக்கலாம், அதிலிருந்து வீடுகளைச் சீர்படுத்தக் கடன் கொடுப்பார்கள். கடன் என்பதால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த இன்னொரு ஊரில் ஒரு கிளை. பெயர் வேண்டாம். கூரைக்கு என்று கேட்டதும் ஒரே மாதத்தில் பணம் குவிந்தது. பொருளாளர் பதவிக்கு ஆள் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. மூன்று வருடம் தீ ஆய்வு அறிக்கையை யாரும் பிரித்தே பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அவசர வழிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள், விருந்துக்கு டிக்கெட் இல்லாமல் ஆட்கள் நுழைகிறார்களாம். அந்தச் சங்கிலியைக் கழற்ற ஒரு காசும் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மாலை முன்னறிவிப்பில்லாமல் போய்க் கதவைத் தள்ளிப் பார்க்கிற ஒரு கிழவன் தேவை.

மேற்குக்காற்று கேட்டதற்கு என் பதில்: பணத்தைவிட உங்கள் ஆட்கள் யார் யார் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள், எப்போது கடைசியாக வீட்டுக்குள் போனார்கள் என்று கேளுங்கள்.

---

சாம்பல்நாரை எழுதியது:

நதிக்கரையான், பென் ஸ்டேட் வீட்டில் பெரியவர் ஒருவர் குடியே இருந்தார் என்று எழுதியிருந்தேனே. கிழவன் இருந்தால் போதுமா?

---

நதிக்கரையான் எழுதியது:

போதாது. கிளையை மூடும் அதிகாரம் உள்ளவனாகவும் அதைச் செய்யத் தயங்காதவனாகவும் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் நம் கையில் இருக்கிறது. புதுமுகங்களைத் துன்புறுத்தினால் ஒப்பந்தம் ரத்து என்று அதில் எழுதலாம், நாங்கள் எழுதியிருக்கிறோம். அதன்படி நடந்தால் மறுநாள் முப்பது கட்டிலும் காலியாகும் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறோம். எத்தனை குழுக்கள் அதற்குத் துணியும் என்று கேட்டால், மிகச் சில என்றே சொல்வேன்.

---

வடவாறு எழுதியது:

இளையபாரி எழுதியதைப் படித்துக் கொஞ்சம் மனம் மாறினேன், கூடத்துப் பித்தளைத் தகட்டைப் படித்து மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவார்களே, அது கடல் கடந்தும் போயிருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, சிரித்துவிட்டேன். ஆனால் ஸ்பிரிங்க்ளர் குழாயில் பெயர் எழுதுகிறோம் என்றாலும் கொடுப்பவர்கள் இருப்பார்கள், குழு யோசிக்கட்டும்.

ஒரு சட்டச் சங்கதி விட்டுப்போயிற்று. பத்திரம் கையில் இருந்தால் வீடு நம்முடையது என்று நினைப்பதும் தவறு. டார்ட்மத் கல்லூரியில் ஆல்ஃபா டெல்டா என்ற அமைப்பு. புதிய உறுப்பினர்களுக்குச் சூடு போட்டது தெரியவந்து 2015இல் கல்லூரி அங்கீகாரத்தைப் பறித்தது. வீடு முன்னாள் மாணவர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் கல்லூரி இருக்கும் ஹானோவர் நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதியின்படி, மாணவர் இல்லம் என்றால் ஒரு கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து இயங்க வேண்டும். கல்லூரி கைவிட்டதும் மாணவர்கள் அங்கே தங்கக் கூடாது என்று நகரம் சொல்லிவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேறு விதம். 2014இல், வீடுள்ள ஃபிரடர்னிட்டிகள் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. டெல்டா கப்பா எப்சிலான் வீட்டின் உரிமையாளரான முன்னாள் மாணவர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2017இல் ஜூரி 3,86,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. 2021இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆகவே கூரைக்குக் கொடுக்கும் முன், கிளை மூடப்பட்டால் உங்கள் பணம் எங்கே போகும் என்று எழுத்தில் கேளுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ராகிங் விதியை மீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். உங்கள் கிளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது இலவசம்.

---

மேற்குக்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பார்த்தேன், பெயர் இல்லை. காசோலைப் பெயர் ஹவுஸ் கார்ப்பரேஷன், ஆகவே வரிச் சலுகையும் இல்லை.

குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ஸ்பிரிங்க்ளரும் கூரையும் முடியும்வரை கூடத்துக்கு என் பணம் செல்லக் கூடாது. கடைசித் தீ ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும். கிளை மூடினால் மிச்சப் பணம் எங்கே போகும் என்ற விதி வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் நதிக்கரையான் சொன்ன வாசகம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன். தகட்டில் என் பெயர் வேண்டாம்.

இளையபாரி, நீ சொன்னதற்கு ஒரு மறுப்பு. அடுக்ககத்துக் குத்தகை முடிந்து அடுத்த தெருவுக்குப் போகும்போது எதெல்லாம் தொலைந்தது என்று உன் சீனியர்களைக் கேட்டுப் பார். எங்கள் மாடிப்படியில் 1920களின் படங்கள்கூட இருக்கின்றன. வீடு இருந்ததால்தான் அவை இருக்கின்றன.

---

இளையபாரி எழுதியது:

கேட்டுவிட்டேன் அண்ணா. தொலைந்தது ஒரு மைக்ரோவேவ் அடுப்பும் கிரிக்கெட் மட்டைகளும் என்றார்கள். படங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், அடுத்த கூட்டத்தில் வீட்டுப் பேச்சு வந்தால் முன்போல உடனே எழுந்து எதிர்க்க மாட்டேன்.

---

ராலே வாசகி எழுதியது:

மேற்குக்காற்று, குழுவின் பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். "ஸ்பிரிங்க்ளர் போடுகிறோம்" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். அடித்தளத்துக்கும் பரணுக்கும் சேர்த்தா, மின்கம்பி வேலை முடிந்து கூரை வேய்கிறார்களா அல்லது வேய்ந்த பிறகு மறுபடி உடைப்பார்களா என்று கேளுங்கள். வரைபடம் அனுப்பினால் என் கணவர் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார், கட்டணம் இல்லாமல்.